பாங்கி உடைந்த ஊரில் பாங்கி கட்டிய வக்கீல்

1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதம். ஒரே வாரத்துக்குள் தமிழ்நாட்டில் இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன.

அக்டோபர் 16-ந் தேதி செவ்வாய்க்கிழமை, அந்நாளைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த தூத்துக்குடியில் ஒரு கம்பெனி பதிவாயிற்று. சுதேசிக் கப்பல் கம்பெனி என்பது அதன் பெயர். வ. உ. சிதம்பரம் பிள்ளை அதைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் கப்பலை நம்ப வேண்டாம், நமக்கென்று கப்பல் வேண்டும் என்று ஜனங்கள் பங்கு வாங்கினார்கள்.

அதற்கு ஆறாம் நாள், அக்டோபர் 22-ந் தேதி திங்கட்கிழமை, சென்னையில் ஒரு கம்பெனி கதவை மூடியது. அர்பத்நாட் கம்பெனி என்பது அதன் பெயர். அது வெள்ளைக்காரர் நடத்திய கம்பெனி. சுமார் 7,000 பேர் அதில் பணம் போட்டிருந்தார்கள். கம்பெனி கொடுக்க வேண்டிய கடன் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். நெல்லும் அரிசியும் அணாக் கணக்கில் விற்ற காலம் அது. இரண்டரைக் கோடி என்றால் எவ்வளவு பெரிய தொகை என்று எண்ணிப் பாருங்கள்.

பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார் ஒரு தமிழ் வக்கீல். வாதாடியதோடு அவர் நிற்கவில்லை. இனி இந்த நாட்டு ஜனங்களின் பணத்தைக் காக்க இந்த நாட்டவரே ஒரு பாங்கி நடத்த வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு வருஷத்துக்குள் நடத்தியும் காட்டினார். அவர்தான் வி. கிருஷ்ணசாமி அய்யர். அந்த பாங்கிதான் இந்தியன் பாங்க்.

முன்சீப் வீட்டுப் பிள்ளை

கிருஷ்ணசாமி அய்யர் 1863-ஆம் வருஷம் ஜூன் 15-ந் தேதி, தஞ்சாவூர் ஜில்லா திருவிடைமருதூரில் பிறந்தார். தகப்பனார் வெங்கடராம அய்யர் ஜில்லா முன்சீப். கோர்ட்டு, வழக்கு, சாட்சி, தீர்ப்பு என்ற பேச்சு சின்ன வயசிலேயே அந்தப் பிள்ளையின் காதில் விழுந்தது.

கும்பகோணம் சர்க்கார் கல்லூரியில் படித்தார். அந்தக் கல்லூரிக்கு அக்காலத்தில் பெரிய பெயர் உண்டு. பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் படித்தார். அப்புறம் சட்டப் படிப்பு. 1885-ஆம் வருஷம் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார்.

வக்கீல் ஆனவுடன் பணம் கொட்டிவிடுமா? கொட்டாது. கட்சிக்காரர் வர வேண்டும். பெரிய வக்கீல் பார்த்துக் கைதூக்கிவிட வேண்டும். கிருஷ்ணசாமி அய்யரும் காத்திருந்துதான் முன்னுக்கு வந்தார். ஆனால் சும்மா காத்திருக்கவில்லை. மயிலாப்பூரில் சில வக்கீல்கள் சனிக்கிழமைதோறும் கூடி, புதிய தீர்ப்புகளைப் பற்றி விவாதம் செய்வது வழக்கம். சர் எஸ். சுப்பிரமணிய அய்யர், பி. ஆர். சுந்தர அய்யர், பி. எஸ். சிவசாமி அய்யர், கிருஷ்ணசாமி அய்யர் முதலியவர்கள் அதில் உண்டு. அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் 1891-ல் வெளிவரத் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல் என்ற சட்டப் பத்திரிகை.

கிருஷ்ணசாமி அய்யருக்குக் கூர்மையான புத்தி. கணீரென்ற பேச்சு. மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கோபமும் சட்டென்று வரும். இதனால் அவருக்கு நண்பர்களும் உண்டு, வேண்டாதவர்களும் உண்டு. ஆனால் அவர் கையில் ஒரு வழக்கைக் கொடுத்தால் கவலை இல்லை என்ற பெயர் எடுத்தார். பிற்காலத்தில் திருவாங்கூர் திவானாக விளங்கிய சி. பி. ராமசாமி அய்யர், வாலிப வயசில் இவரிடம்தான் தொழில் பழகினார்.

மலை போன்ற கம்பெனி

அந்த நாளில் சென்னையில் வெள்ளைக்கார வியாபாரக் கம்பெனிகளில் மூன்று மிகப் பெரியவை. பாரி கம்பெனி ஒன்று. பின்னி கம்பெனி ஒன்று. அர்பத்நாட் கம்பெனி மூன்றாவது. அர்பத்நாட் கம்பெனி நூறு வருஷப் பழமை உள்ளது. ஏற்றுமதி, இறக்குமதி, பிற கம்பெனிகளை நிர்வாகம் செய்தல், இவற்றோடு பாங்கி வேலையும் செய்தது. ஜனங்களிடம் டிபாசிட்டு வாங்கியது. வட்டி கொடுத்தது.

யார் யார் பணம் போட்டார்கள்? பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர்கள் போட்டார்கள். புருஷனை இழந்த பெண்கள், சீவனத்துக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டார்கள். வியாபாரிகள் போட்டார்கள். பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்ததைச் சிலர் போட்டார்கள்.

அந்தக் காலத்துக் குடும்பம் பணத்தை எங்கே வைக்கும் என்று பார்த்தால் இதன் காரணம் விளங்கும். தாமிரபரணிக் கரையை எடுத்துக்கொள்வோம். கார், பிசானம் என்று வருஷத்துக்கு இரு போகம் விளையும் பூமி. நெல் விற்ற பணம் கைக்கு வரும். அதை வைக்க வழி என்ன? நகை செய்து போடலாம். நிலம் வாங்கலாம். தெரிந்தவருக்கு வட்டிக்குக் கொடுக்கலாம். சீட்டுக் கட்டலாம். இல்லையென்றால் பானையிலோ பெட்டியிலோ வைத்துப் பூட்டலாம். ஒவ்வொன்றிலும் ஒரு பயம் உண்டு. பட்டணத்தில் வெள்ளைக்காரத் துரை நடத்தும் கம்பெனி என்றால் பயமே இல்லை என்று ஜனங்கள் எண்ணினார்கள்.

எண்ணியதில் ஆச்சரியம் இல்லை. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட். சர் பட்டம் பெற்றவர். சென்னை வர்த்தக சபையின் தலைவராக இருந்தவர். கவர்னரின் சட்டசபையிலும் அங்கத்தினராக இருந்தவர். சர்க்காரே மதிக்கும் மனிதர், அவரிடம் நம் பணம் பத்திரமாக இருக்கும் என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

கணக்கைப் பார்த்தது யார்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சர்க்கார் ஒரு மனிதருக்குப் பதவி கொடுப்பது வேறு. அந்த மனிதரின் கணக்கைப் பரிசோதிப்பது வேறு. முதலாவது நடந்தது. இரண்டாவது நடக்கவில்லை.

அக்காலத்தில் சர்க்காரின் பணத்தை வைத்திருந்த பாங்கிகள் மூன்று. கல்கத்தாவில் பாங்க் ஆப் பெங்கால், பம்பாயில் பாங்க் ஆப் பம்பாய், சென்னையில் 1843-ல் ஏற்பட்ட பாங்க் ஆப் மெட்ராஸ். இவற்றில் முதலில் சர்க்காருக்கே பங்கு இருந்தது. சர்க்காரே சில டைரக்டர்களை நியமித்து வந்தது. 1876-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி சர்க்கார் தன் பங்குகளை விட்டுவிட்டது. டைரக்டர்களை நியமிக்கும் உரிமையையும் விட்டது. ஆனால் கணக்கை ஆராயும் அதிகாரத்தை மட்டும் விடவில்லை. இந்த பாங்கிகள் எந்தத் தொழில் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்றும் சட்டத்தில் எழுதிவைத்தது.

தன் பணம் இருந்த இடத்தில் சர்க்கார் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தது. ஜனங்களின் பணம் இருந்த இடத்தில்?

அர்பத்நாட் கம்பெனி, பங்குதாரர்கள் கூடிப் பதிவு செய்த லிமிடெட் கம்பெனி அல்ல. சில கூட்டாளிகள் சேர்ந்து நடத்திய வியாபாரம். அப்படிப்பட்ட வியாபாரத்துக்கு வெளியிலிருந்து ஆடிட்டர் வந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வருஷந்தோறும் ஐந்தொகை போட்டு, வரவு இவ்வளவு, கடன் இவ்வளவு என்று ஊரறிய வெளியிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆடிட்டரின் வேலை என்ன? பெட்டியில் இருப்பதாக எழுதிய பணம் பெட்டியில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடன் கொடுத்ததாக எழுதியிருந்தால், அந்தக் கடன் திரும்பி வருமா என்று கேட்க வேண்டும். பாங்கியை நடத்துகிறவர்கள் தங்களுக்கே கடன் எடுத்துக்கொண்டார்களா என்று பார்க்க வேண்டும். பார்த்ததைப் பணம் போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும். அர்பத்நாட் கம்பெனியில் டிபாசிட்டு போட்டவர்களுக்கு இதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

உள்ளே என்ன நடந்தது? கம்பெனிக்கு லண்டனில் ஒரு கூட்டுக் கடை இருந்தது. மக்ஃபேடியன் கம்பெனி என்று பெயர். அதை நடத்தியவர் பாட்ரிக் மக்ஃபேடியன். விலை ஏறும், இறங்கும் என்று பந்தயம் கட்டுவது போன்ற சூதாட்ட வியாபாரத்தில் பணம் போயிற்று. நஷ்டம் வருஷா வருஷம் வளர்ந்தது. பழைய கடனை அடைக்கப் புதிய டிபாசிட்டு தேவைப்பட்டது. 1906 அக்டோபரில் லண்டனில் மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகு எதையும் மறைத்து வைக்க முடியவில்லை. சென்னையில் கதவு மூடியது.

கோர்ட்டில் போராட்டம்

சென்னையில் ஒரே அழுகுரல். வயசான காலத்தில் வைத்திருந்த ஒரே ஆதாரம் போய்விட்டதே என்று பலர் தவித்தார்கள். மூன்று பெரிய கம்பெனிகளில் இன்னொன்றான பின்னி கம்பெனியும் அதே சமயத்தில் ஆட்டம் கண்டு வேறு கைக்கு மாறியது. யாரை நம்புவது என்று தெரியவில்லை.

கம்பெனி திவால் மனு கொடுத்தது. பணம் போட்டிருந்த இந்தியர்களின் பக்கம் நின்று வாதாட முன்வந்தார் கிருஷ்ணசாமி அய்யர். இது லேசான காரியம் அல்ல. எதிரே இருந்தவர் ஆளும் ஜாதியைச் சேர்ந்த பெரிய மனிதர். கவர்னர் மாளிகையில் விருந்துண்ணும் மனிதர். நீதிபதிகளிலும் பலர் வெள்ளைக்காரர். இதையெல்லாம் பார்த்துக் கிருஷ்ணசாமி அய்யர் தயங்கவில்லை. திவால் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள விடக் கூடாது, நடந்தது என்ன என்று கணக்கு வெளியே வர வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார்.

முடிவில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது கிரிமினல் வழக்கு நடந்தது. 1907-ல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. சர் பட்டம் பெற்ற ஒரு வெள்ளைக்கார முதலாளி ஜெயிலுக்குப் போனது அந்நாளில் நாடெங்கும் பேச்சாயிற்று.

ஆனால் பணம்? ஒருவர் ஜெயிலுக்குப் போனதால் விதவையின் பெட்டி நிரம்பிவிடுமா? போட்ட பணம் முழுவதும் யாருக்கும் திரும்பவில்லை. கிருஷ்ணசாமி அய்யர் மனசை இதுதான் உறுத்தியது.

புது பாங்கி பிறந்தது

கம்பெனி உடைந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் மாதத் தொடக்கத்திலேயே சென்னைப் பிரமுகர்கள் சிலர் கையெழுத்திட்டு ஓர் அழைப்பு வெளியிட்டார்கள். இந்தியர்களே பங்கு போட்டு, இந்தியர்களே நடத்தும் ஒரு பாங்கி வேண்டும் என்பது அதன் சாரம். அந்த முயற்சிக்கு உயிராக நின்றவர் கிருஷ்ணசாமி அய்யர்.

வக்கீல் பேச்சால் பாங்கி கட்ட முடியாது. முதல் வேண்டும். பணத்தைக் கையாளத் தெரிந்தவர்கள் வேண்டும். கிருஷ்ணசாமி அய்யர் நகரத்தார்களிடம் போனார். பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் அவர்கள். கணக்கு எழுதுவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ராமசாமி செட்டியாரும் அவர் தம்பி அண்ணாமலைச் செட்டியாரும் கை கொடுத்தார்கள். பின்னாளில் சிதம்பரத்தில் சர்வகலாசாலை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்தான் அந்தத் தம்பி.

1907 மார்ச் 5-ந் தேதி இந்தியன் பாங்க் லிமிடெட் பதிவாயிற்று. அதே வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி வேலை தொடங்கியது. சரியாக 40 வருஷம் கழித்து அதே தேதியில் நாடு சுதந்திரம் அடைந்தது. அன்று அதை யார் கண்டார்கள்?

இந்தப் புது பாங்கிக்கும் அர்பத்நாட் கம்பெனிக்கும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. இது பதிவான லிமிடெட் கம்பெனி. பங்குதாரர்கள் உண்டு. அவர்களுக்கு வருஷந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கை ஆடிட்டர் பார்க்க வேண்டும். நான்கு பேருக்குள் பேரேட்டைப் பூட்டி வைத்துக்கொள்ள இதில் வழி இல்லை.

காலம் போகப் போக பாங்கி வளர்ந்தது. 1932-ல் கொழும்பில் கிளை திறந்தது. சென்னைக் கடற்கரைச் சாலையில் அர்பத்நாட் கம்பெனி இருந்த இடமே பின்னால் இந்தியன் பாங்க்கின் தலைமை ஆபீஸ் ஆயிற்று. பாங்கி உடைந்த இடத்திலேயே பாங்கி எழுந்தது.

நெல்லைச் சீமையின் இரு பிள்ளைகள்

கிருஷ்ணசாமி அய்யர் அரசியலில் மிதவாதி. சர்க்காரோடு வாதாடி உரிமைகளைப் பெற வேண்டும், சட்டத்தை மீறக் கூடாது என்பது அவர் கொள்கை. அந்தச் சமயத்தில் நாட்டில் தீவிரவாதிகளின் கை ஓங்கியிருந்தது. தென்னாட்டில் அதற்கு இருப்பிடம் திருநெல்வேலி ஜில்லா. தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளை. எட்டயபுரத்தில் பிறந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து, சென்னையில் இந்தியா என்ற பத்திரிகை நடத்தி வந்த சுப்பிரமணிய பாரதி. இருவருக்கும் மிதவாதிகளைக் கண்டால் ஆகாது. பாரதியின் பத்திரிகை மிதவாதத் தலைவர்களை விளாசியது. கிருஷ்ணசாமி அய்யரும் அதற்குத் தப்பவில்லை.

1907-ல் ஒரு நாள் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன், பாரதியைக் கிருஷ்ணசாமி அய்யரிடம் அழைத்துப் போனார். பாரதி தம்முடைய தேசப் பாட்டுகளைப் பாடிக் காட்டினார். கேட்ட கிருஷ்ணசாமி அய்யர் உருகிப்போனார். தம்மைத் தாக்கி எழுதுகிறவர் ஆயிற்றே என்று பார்க்கவில்லை. மூன்று பாட்டுகளை 15,000 பிரதிகள் அச்சிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பாரதியின் பாட்டு அவ்வளவு பேர் கைக்கு முதல் முதலில் போய்ச் சேர்ந்தது ஒரு மிதவாதியின் செலவில்தான்.

சிதம்பரம் பிள்ளையின் கதை வேறு விதமாக முடிந்தது. அவருடைய கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் ஓடின. எதிரே போட்டியிட்ட வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கட்டணத்தைத் தாழ்த்திக்கொண்டே போயிற்று. சர்க்கார் அதிகாரிகள் அந்தக் கம்பெனிக்குத் துணை நின்றார்கள். 1908 மார்ச் 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளை கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. போலீஸ் சுட்டு நான்கு பேர் மாண்டார்கள். ஜூலை மாதம் சிதம்பரம் பிள்ளைக்குக் கொடிய தண்டனை விதிக்கப்பட்டது. அவர் செக்கிழுத்தார். 1911-ல் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது.

ஒரே வாரத்தில் முளைத்த இரண்டு எண்ணங்கள் இவை. ஒன்று சுதேசிக் கப்பல். மற்றொன்று சுதேசி பாங்கி. கப்பல் சர்க்காருக்குப் பிடித்தமான கம்பெனியோடு நேருக்கு நேர் மோதியது. நசுக்கப்பட்டது. பாங்கி சட்டத்துக்குள் நின்று, சத்தம் போடாமல் வளர்ந்தது. நிலைத்தது. கப்பல் விட்டவர் தோற்றார் என்று சொல்ல முடியுமா? அவர் பட்ட பாட்டினால் ஜனங்கள் விழித்தார்கள். பாங்கி கட்டியவர் பயந்தவர் என்று சொல்ல முடியுமா? அவர் செய்த வேலையால் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு பிழைத்தது. இரண்டும் நாட்டுக்கு வேண்டியிருந்தன.

சர்க்கார் பதவி

1909-ல் கிருஷ்ணசாமி அய்யரைச் சென்னை ஹைகோர்ட் நீதிபதியாகச் சர்க்கார் நியமித்தது. வக்கீல் தொழிலில் கொடி கட்டிப் பறந்தவர் அதை விட்டு நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தார்.

அந்த வருஷத்தில்தான் மின்டோ மார்லி சீர்திருத்தம் என்ற புதிய சட்டம் வந்தது. கவர்னருக்குப் பக்கத்தில் இருந்து ராஜதானியை ஆளும் நிர்வாக சபையில் இந்தியர் ஒருவருக்கு இடம் கிடைத்தது. சென்னையில் முதலில் பொப்பிலி மகாராஜா அந்த இடத்தில் அமர்ந்தார். அவருக்குப் பின் 1911-ல் கிருஷ்ணசாமி அய்யர் நியமனம் பெற்றார்.

ஜனங்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? பெருமைப்பட்டவர்கள் உண்டு. நம்மவர் கவர்னருக்குச் சமமாக உட்கார்ந்தார் என்று மகிழ்ந்தார்கள். ஏசியவர்களும் உண்டு. சிதம்பரம் பிள்ளை ஜெயிலில் கிடக்கும்போது இவர் சர்க்கார் நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்டார்கள். 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றான். நாட்டில் கொதிப்பு ஏறிக் கிடந்த சமயம். அப்போது சர்க்கார் பதவி வகிப்பது பூ மெத்தையாக இருந்திருக்க முடியாது.

ஒன்றை மறக்கக் கூடாது. அர்பத்நாட்டுக்கும் சர்க்கார் கௌரவம் இருந்தது. கிருஷ்ணசாமி அய்யருக்கும் இருந்தது. ஒருவர் அந்தக் கௌரவத்தைத் திரையாக்கி, அதன் பின்னே கணக்கை மறைத்தார். மற்றவர் அந்தக் கௌரவம் கிடைப்பதற்கு முன்பே, கணக்கை வெளியே கொண்டுவரப் போராடினார். பதவி ஒரு மனிதனை நல்லவன் ஆக்குவதில்லை.

தர்மங்கள்

சம்பாதித்த பணத்தைக் கிருஷ்ணசாமி அய்யர் பெட்டியில் பூட்டவில்லை. மயிலாப்பூரில் 1905-ல் வெங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலை ஏற்பட அவர் காரணமானார். 1906-ல் சமஸ்கிருதக் கல்லூரி நிறுவினார். மகாதேவ கோவிந்த ரானடேயின் பெயரால் மயிலாப்பூரில் ஒரு நூல் நிலையம் அமைவதற்கு முன்நின்றார். வைத்தியம், கல்வி, புஸ்தகம், பாங்கி என்று நான்கு வழியிலும் ஜனங்களுக்குப் பயன்படும் ஸ்தாபனங்களை அவர் விட்டுச் சென்றார்.

நிர்வாக சபைப் பதவியில் அவர் நீண்ட நாள் இருக்கவில்லை. 1911 டிசம்பர் 28-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயசு 48. சென்னைக் கடற்கரையில் சர்வகலாசாலையின் செனட் மண்டபத்துக்கு முன்னால் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

அவருக்குப் பின் வந்த சட்டங்கள்

அர்பத்நாட் கம்பெனி உடைந்ததோடு துன்பம் தீர்ந்துவிடவில்லை. 1913-ல் லாகூரில் பீப்பிள்ஸ் பாங்க் மூடியது. அடுத்த சில வருஷங்களில் நாட்டில் பல பாங்கிகள் விழுந்தன. அதே 1913-ல் புதிய கம்பெனிச் சட்டம் வந்தது. அதன்படி கம்பெனிக் கணக்கைக் கண்டவர் எல்லாம் ஆடிட் செய்ய முடியாது. சர்க்காரிடம் சர்டிபிகேட் வாங்கியவர்தான் செய்யலாம். 1932-ல் இதற்கென்று தனி விதிகள் வந்தன. யாரை ஆடிட்டராக ஏற்பது என்று யோசனை சொல்ல ஒரு சபையும் ஏற்பட்டது.

1935 ஏப்ரல் 1-ந் தேதி ரிசர்வ் பாங்க் பிறந்தது. பாங்கிகளுக்கெல்லாம் மேலே ஒரு பாங்கி வந்தது. என்றாலும் 1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்க் விழுந்தது. மலைக்கு அந்தப்புறச் சங்கதி என்று திருநெல்வேலிக்காரர்கள் இருக்க முடியவில்லை. மலைக்கு இந்தப்புறம் இருந்த செங்கோட்டையே அன்று திருவாங்கூர் ராஜ்யத்தில்தான் இருந்தது. 1956-ல்தான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பின், 1949-ல் இரண்டு பெரிய சட்டங்கள் வந்தன. ஒன்று பாங்கிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம். அதனால் எந்த பாங்கியின் கணக்கையும் நேரில் போய்ப் பார்க்க ரிசர்வ் பாங்க்குக்கு அதிகாரம் கிடைத்தது. மற்றொன்று ஆடிட்டர்களுக்கான சட்டம். சர்க்கார் சர்டிபிகேட் கொடுத்த வழக்கம் போய், பரீட்சை வைத்து, தவறு செய்தவரைத் தண்டிக்கும் தனி ஸ்தாபனம் ஏற்பட்டது. பாங்கிகள் ஆடிட்டரை நியமிக்க ரிசர்வ் பாங்க்கின் சம்மதம் வேண்டும் என்ற ஏற்பாடும் பின்னால் வந்தது.

1962-ல் டிபாசிட்டுக்கு இன்ஷ்யூரன்ஸ் வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை பாதுகாப்பு. 2020 முதல் அது 5 லட்சம் ரூபாய். 1906-ல் இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தெருவில் நின்றிருக்காது.

இந்தியன் பாங்க் 1969 ஜூலை 19-ந் தேதி தேசியமயமாயிற்று. 2020-ல் அலகாபாத் பாங்க் அதனோடு இணைந்தது. ஒரு வக்கீல் தம்முடைய 43-வது வயசில் மனம் நொந்து தொடங்கிய வேலை நூறு வருஷத்தையும் தாண்டி நிற்கிறது.

சட்டம் இத்தனை வந்த பிறகும் சில இடங்களில் அதிக வட்டி என்று ஆசை காட்டுகிறார்கள். பெரிய மனிதர் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கிறார்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தக் கணக்கைப் பார்ப்பவர் யார்? 1906-ல் சென்னையில் அந்தக் கேள்வியை ஜனங்கள் பணம் போன பிறகு கேட்டார்கள். நாம் பணம் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.